ஃப்ரிட்ஜுக்குள் ஒளிந்த நாயகன்

இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் நான்காம் படமான 'கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்' 2008 மே மாதம் வெளிவந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு ஃப்ரிட்ஜில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. சமீபத்தில் நண்பர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோதும் அதுவே நடந்தது. பொறியியல் படித்த நண்பர், இப்படியா காதில் பூ சுற்றுவது என்று கொதித்தார். இன்னொருவர், சாகசப் படத்துக்குப் போய் லாஜிக் பார்ப்பவன் சர்க்கஸ் கூடாரத்தில் புவியீர்ப்பு விதியைப் பற்றிப் பேசுபவன் என்றார். மூன்றாமவர் தீவிர இலக்கிய வாசகர். சிறுவர்களுக்கான கேளிக்கையைப் பற்றி வளர்ந்த மனிதர்கள் இரண்டு மணி நேரம் பேசுவது ஏன் என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். மூவரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக அந்தக் காட்சி. ஆண்டு 1957. நெவாடா பாலைவனத்தில் சோவியத் உளவாளிகளிடமிருந்து தப்பி ஓடும் இண்டியானா ஜோன்ஸ் ஒரு சிற்றூருக்குள் நுழைகிறார். அழகான வீடுகள், புல்தரை, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. ஆனால் வீட்டுக்குள் அமர்ந்திருப்பவை பொம்மைகள். அணுகுண்டுச் சோதனைக்காகக் கட்டப்பட்ட போலி ஊர் அது. எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கிறது. சில நொடிகளே உள்ளன. நாயகர் ஒரு ஃப்ரிட்ஜுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். குண்டு வெடிக்க, ஊர் ஆவியாகிறது. ஃப்ரிட்ஜ் மட்டும் வானத்தில் பறந்து, வெகுதூரத்தில் விழுந்து, உருண்டு, திறக்கிறது. நாயகர் எழுந்து நிற்கிறார். எலும்பு ஒன்றுகூட முறியவில்லை.

இதில் முழுக்கப் பொய் என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பொம்மைகள் வைத்த வீடுகளை அமெரிக்க அரசு உண்மையிலேயே கட்டியது. 1953இலும் 1955இலும் நெவாடா சோதனைத் தளத்தில் அப்படிப்பட்ட வீடுகளை அணுகுண்டின் முன் நிறுத்தி என்ன ஆகிறது என்று படம் பிடித்தார்கள். 1955 மே 5 அன்று நடந்த சோதனையில் உணவுப் பொருட்களையும் வைத்துப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜும் ஸ்பீல்பெர்க்குக்குப் புதிதல்ல. அவர் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' (1985) படத்தின் ஆரம்ப வரைவு ஒன்றில் காலயந்திரமே ஒரு ஃப்ரிட்ஜ்தான். அதை இயக்கும் ஆற்றலும் அணுகுண்டுச் சோதனையிலிருந்து கிடைப்பதாகவே எழுதப்பட்டிருந்தது. அங்கே கைவிடப்பட்டது இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் நண்பரின் குற்றச்சாட்டுக்குப் படைப்பாளிகள் சொன்ன பதில் சுவையானது. ஃப்ரிட்ஜ் தன் யோசனை, பழி தன்னையே சேரட்டும் என்று ஸ்பீல்பெர்க் 2011இல் சொன்னார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் லூகாஸ் அதை மறுத்தார். ஸ்பீல்பெர்க் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றும், அந்தக் காட்சியை நம்ப மறுத்த ஸ்பீல்பெர்க்குக்காகத் தானே ஆதாரங்களைத் திரட்டி ஒரு கோப்பு தயாரித்துக் கொடுத்ததாகவும், பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்று நிபுணர்கள் கருதியதாகவும் கூறினார்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படம் தோற்ற இடம் அந்தக் கோப்புதான். ஒரு காட்சியை நம்பவைக்க இயக்குநரிடம் கோப்பு நீட்ட வேண்டியிருந்தது என்றால், அந்தக் காட்சி கதையாக உருவாகவில்லை என்று பொருள். படத்துக்குள்ளேயே அந்தக் கோப்பின் ஒரு பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் ஈயத்தகடு பதித்திருக்கிறது என்ற வாசகத்தைக் கேமரா நெருங்கிக் காட்டுகிறது. ஈயம் கதிர்வீச்சை ஓரளவு தடுக்கும். தரையில் மோதிய பெட்டிக்குள் இருக்கும் மனித உடலை அது என்ன செய்து காப்பாற்றும்? ஆக, பொறியியல் நண்பர் சொல்வது இயற்பியலாகச் சரி. ஆனால் அவரும் லூகாஸும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இருவருமே நம்பகத்தன்மை என்பதை ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரமாக நினைக்கிறார்கள்.

இரண்டாம் நண்பர் இந்த இடத்தில்தான் மகிழ்ச்சியோடு குறுக்கிடுவார். 'டெம்பிள் ஆஃப் டூம்' (1984) படத்தில் விமானத்திலிருந்து ரப்பர் படகோடு குதித்து, பனிமலையில் சறுக்கி, ஆற்றில் விழுந்து உயிரோடு வருகிறார்களே, அதை ரசித்தாய் அல்லவா என்பார். ரசித்தேன். ஆனால் அந்தப் படகுக் காட்சியை இந்த வரிசையின் மகத்தான காட்சி என்று யாரும் சொன்னதில்லை. அது கதை தொடங்குமுன் வரும் கரணம். அதை வைத்து ஃப்ரிட்ஜுக்கு மன்னிப்பு வாங்க முடியாது.

இந்த வரிசை நம்பமுடியாததை நம்பவைத்த இடங்கள் வேறு. 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் ஓடும் லாரியின் முன்புறம் தொங்கி, அடியில் நுழைந்து, சாட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இழுபட்டு, மீண்டும் ஏறி ஓட்டுநரைத் தாக்குகிறார் ஜோன்ஸ். நடக்கக்கூடியதா? சாலையின் நடுவே பள்ளம் தோண்டித்தான் அதைப் படமாக்க முடிந்தது. 'ஸ்டேஜ்கோச்' (1939) படத்தில் யாக்கிமா கனூட் குதிரை வண்டிக்கு அடியில் செய்த சாகசத்துக்கு அது ஒரு வணக்கம். ஆனாலும் நாம் நம்பினோம். அதற்குச் சற்று முன்னால்தான் அவர் கையில் குண்டு பாய்ந்திருக்கிறது, காயம்பட்ட அந்தக் கையையே ஒருவன் குத்துகிறான். அடுத்து வரும் கப்பல் காட்சியில் உடம்பில் வலிக்காத இடமே இல்லாமல் கிடக்கிறார். சாகசத்துக்கு ஒரு விலை இருந்தது, அந்த விலையை நாயகன் நம் கண்ணெதிரே கொடுத்தான்.

'லாஸ்ட் க்ரூஸேட்' (1989) இன்னும் நல்ல உதாரணம். பாதாளத்தின் விளிம்பிலிருந்து வெற்றிடத்தில் காலெடுத்து வைக்கிறார் ஜோன்ஸ். காலடியில் கண்ணுக்குத் தெரியாத கல்பாலம் இருக்கிறது. பாறையின் நிறத்தோடு கலந்த பாலத்தை ஒரே கோணத்தில் நின்று பார்ப்பதால் தெரியவில்லை என்பது அதற்கான விளக்கம். தலையைச் சற்றுத் திருப்பினால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். திரையரங்கில் யாரும் கேட்கவில்லை. ஏனெனில் வெளியே அவருடைய அப்பா வயிற்றில் குண்டோடு ரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறார். சுட்டவன் டோனவன். கோப்பைக்காக நீ உள்ளே போகமாட்டாய், அப்பாவுக்காகப் போவாய் என்று கணக்கிட்டு நிதானமாகச் சுடுகிறான். நம்பிக்கை இல்லாத ஒரு மகன், வாழ்நாள் முழுதும் நம்பிக்கையோடு தேடிய அப்பாவுக்காக, காலை எடுத்து வைத்தாக வேண்டும். பாலம் நம்பத்தகுந்ததா என்ற கேள்வியை டோனவனின் துப்பாக்கி இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். சாகசக் கதையில் நம்பமுடியாத காட்சி என்பது வாசகனிடம் வாங்கும் கடன். அந்தக் கடனுக்கு ஜாமீன் நிற்பவன் வில்லன். அவன் வலுவானவனாக இருந்தால், நாயகனிடமிருந்து எதையாவது பறிக்கக்கூடியவனாக இருந்தால், நாம் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். ஜாமீன்காரன் ஓட்டாண்டி என்றால் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கிறோம். 2008இல் நாம் எல்லோரும் திடீரென்று இயற்பியல் வாத்தியார்களாக மாறியதன் காரணம் ஃப்ரிட்ஜுக்குள் இல்லை. இரினா ஸ்பால்கோவிடம் இருக்கிறது.

வில்லனின் வலு என்றால் தோள்வலுவோ உரத்த சிரிப்போ அல்ல. முதல் படத்தின் பெலோக்கைப் பாருங்கள். பால் ஃப்ரீமன் நடித்த அந்தப் பிரெஞ்சுத் தொல்லியலாளன் மென்மையாகப் பேசுபவன். முதல் பத்து நிமிடத்துக்குள் நாயகன் உயிரைப் பணயம் வைத்து எடுத்துவந்த பொற்சிலையைச் சிரமமே இல்லாமல் கைநீட்டி வாங்கிக்கொள்கிறான். பின்னால் கெய்ரோவில், நாம் இருவரும் ஒன்றுதான், உன்னை என்னைப்போல் ஆக்கச் சிறு உந்துதல் போதும் என்கிறான். அதைப் பிறகு நிரூபித்தும் காட்டுகிறான். பேழையை வெடிவைத்துத் தகர்த்துவிடுவேன் என்று ஆயுதத்தோடு நிற்கும் ஜோன்ஸிடம், தகர்த்துக்கொள், ஆனால் அதைத் திறந்து பார்க்க என்னளவுக்கு நீயும் ஏங்குகிறாய் என்கிறான். நாயகனின் ஆயுதம் தாழ்கிறது. ஒரு தோட்டா செலவில்லாமல் நாயகனை வென்ற வில்லன் அவன். நாயகனைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

'ரெய்டர்ஸ்' முடிவில் நாயகன் ஒன்றுமே செய்யவில்லை, கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கிறான், நாஜிகளைப் பேழையே அழித்துவிடுகிறது என்று ஒரு புகழ்பெற்ற புகார் உண்டு. பெலோக்கை மறந்தவர்களின் புகார் அது. நீ பார்க்க ஏங்குகிறாய் என்று சொன்னான் அல்லவா? பேழை திறக்கும் கணத்தில் ஜோன்ஸ் தன் கண்களை மூடிக்கொள்கிறான், மேரியனையும் மூடச் சொல்கிறான். பெலோக் விழித்துப் பார்த்து அழிகிறான். வாழ்நாள் முழுவதும் பார்ப்பதற்காகவே ஓடிய ஒருவன் பார்க்காமலிருக்க முடிவெடுப்பது செயலின்மை அல்ல. அந்தப் படத்தின் ஒரே உண்மையான வெற்றி அதுதான்.

இனி ஸ்பால்கோவுக்கு வருவோம். கேட் பிளான்செட் எப்பேர்ப்பட்ட நடிகை என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு முடியைக் காதளவில் வெட்டி, இடுப்பில் வாளோடு, சாம்பல்நிறச் சீருடையில் அவர் நடந்து வரும்போது நிமிர்ந்து உட்காரத்தான் செய்கிறோம். ஸ்டாலினின் அபிமானத்துக்குரியவள், பிறர் மனத்தை ஊடுருவிப் படிக்கும் ஆற்றல் கொண்டவள் என்கிறார்கள். அறிமுகமான சில நிமிடங்களில் ஜோன்ஸின் மனத்தைப் படிக்க முயல்கிறாள். முடியவில்லை. சரி, பிறகு முடியும் என்று காத்திருக்கிறோம். கடைசிவரை முடிவதேயில்லை. ஒரு வில்லனின் ஒரே ஆயுதத்தை முதல் காட்சியிலேயே துருப்பிடித்தது என்று காட்டிவிட்டுப் படம் முழுக்க அதை நோக்கி நம்மைப் பயப்படச் சொன்னால் எப்படி?

பெலோக்குக்கு ஜோன்ஸைத் தெரியும். டோனவனுக்குத் தெரியும். ஸ்பால்கோவுக்கு அவரைப் பற்றி எதுவுமே தெரியாது. மேரியனைப் பிடித்துவைத்து ஒருமுறை அவரைப் பணியவைக்கிறாள், உண்மைதான். ஆனால் படம் அந்தக் கணத்தை உடனே பழைய காதலர்களின் செல்லச் சண்டையாக்கிச் சிரிக்கவைக்கிறது. அவளுடைய வலக்கையான ராணுவ அதிகாரியை எறும்புகள் தின்கின்றன. ஜோன்ஸின் நண்பனான மேக் துரோகம் செய்கிறான், இல்லை நண்பன்தான் என்கிறான், மறுபடியும் துரோகம் செய்கிறான். மூன்றாம் முறை துரோகம் செய்பவனிடம் நாம் எதையும் இழப்பதில்லை, சலிப்படைகிறோம்.

இப்படி யாரிடமிருந்தும் ஆபத்து வராத கதையில் ஆபத்தை எங்கிருந்து கொண்டுவருவது? நிலப்பரப்பிலிருந்துதான். ஆகவே அணுகுண்டு. ஆகவே மலைவிளிம்பில் பாயும் ஜீப்புகள். ஆகவே அடுத்தடுத்து மூன்று அருவிகள், அவற்றில் வாகனத்தோடு விழுந்து ஆளுக்கொரு குளியலோடு எழுந்து வருகிறார்கள். ஆகவே குரங்குகளோடு கொடிபிடித்துத் தாவும் மகன். அந்த மகனாக நடித்த ஷையா லபூஃப், தாவல் எடுபடாமல் போனதில் தன் பங்கும் உண்டு என்று 2010இல் வெளிப்படையாகவே வருந்தினார். பாவம், அவர் என்ன செய்வார்? வில்லன் காலியாக விட்ட இடத்தைக் குரங்குகள் நிரப்ப வேண்டியிருந்தது. கவனித்துப் பாருங்கள், ஃப்ரிட்ஜ் காட்சியில் வில்லி அருகிலேயே இல்லை. துரத்தி வந்த வீரர்களும் காரில் ஏறி ஓடி வெடிப்பில் மாண்டுவிடுகிறார்கள். நாயகனும் இயற்பியலும் மட்டும் தனியே விடப்படுகிறார்கள். இயற்பியலோடு மோதினால் கேள்வியும் இயற்பியலில்தான் வரும்.

இதில் என் ஆற்றாமை என்னவென்றால், வலுவான வில்லன்கள் இந்தப் படத்தின் வாசலிலேயே நின்றிருந்தார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்த நாயகன், எழும் காளான் மேகத்தின் முன் சிறு நிழலாக நிற்கும் காட்சி இந்த வரிசையின் மிகச் சிறந்த படிமங்களில் ஒன்று. அந்தக் குண்டு எதிரியின் குண்டல்ல, அவருடைய சொந்த நாட்டின் குண்டு. அடுத்து எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அவரையே சந்தேகிக்கிறார்கள். பல்கலைக்கழக வேலை பறிபோகிறது. போரில் நாட்டுக்காக உழைத்த மனிதர், கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தின் நிழலில், சொந்த அரசுக்கே அந்நியராகிறார். 1957இன் அமெரிக்காவில் இதைவிடக் கனமான எதிரி யார்? படம் அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுகிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கம்யூனிஸ்டுகள் சிலர் இந்தப் படம் வரலாற்றைத் திரிக்கிறது என்று 2008இல் கண்டித்தார்கள். அவர்கள் கோபப்பட்டிருக்க வேண்டியதேயில்லை. அவ்வளவு பலவீனமான சோவியத் யூனியனைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

இன்னொரு வில்லன் அந்த மண்டையோட்டுக்குள்ளேயே இருந்தான். அருங்காட்சியகங்களில் உள்ள பளிங்கு மண்டையோடுகளின் உண்மைக் கதை படத்தைவிடச் சுவையானது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனத்திடம் வாங்கிய மண்டையோடு, கொலம்பஸுக்கு முந்தைய மெக்ஸிகோவைச் சேர்ந்ததல்ல. சுழலும் சக்கரக் கருவியால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது என்று ஆய்வில் தெரியவந்தது. இந்த முடிவை விளக்கும் ஆய்வுக்கட்டுரை, படம் வந்த அதே 2008இல்தான் வெளியானது. யூஜின் போபான் என்ற பிரெஞ்சு அரும்பொருள் வியாபாரியின் கைவழியாக வந்தது அது. தொல்லியலாளனுக்கு இயல்பான எதிரி யார்? கடந்தகாலத்தைப் பொய்யாகச் செய்து விற்பவன். பெலோக்கின் அசல் வாரிசு அவன்தான். வரலாறு தட்டில் வைத்துக் கொடுத்த அந்த வில்லனைத் தள்ளிவிட்டு, வேற்றுக்கிரகவாசியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

முடிவும் அதற்கேற்றபடிதான். எல்லாவற்றையும் அறிந்துகொள்ளும் வேட்கையில் ஸ்பால்கோ எரிந்து சாம்பலாகிறாள். பெலோக்கின் முடிவை நகலெடுத்திருக்கிறார்கள். ஆனால் அதன் மறுபாதியான நாயகனின் சோதனையை நகலெடுக்க மறந்துவிட்டார்கள். மண்டையோட்டைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று ஜோன்ஸுக்குக் கட்டளை வந்ததாம், கொண்டுபோகிறார். அவர் துறப்பதற்கு ஏதுமில்லை, இழப்பதற்கும் ஏதுமில்லை.

வலுவான வில்லன் வேண்டும் என்று வாதிடும்போது ஒரு நேர்மையான தடை எழும். 'டெம்பிள் ஆஃப் டூம்' வில்லன் மோலா ராம். அமரீஷ் பூரியின் கண்களை மறக்க முடியாது. நாயகனுக்கு ரத்தத்தைப் புகட்டி அவனையே தன் அடிமையாக்குகிறான். தன்னை நேசிக்கும் சிறுவனை நாயகனே அறைகிறான். இதைவிட ஆழமாக எந்த வில்லனும் ஜோன்ஸுக்குள் நுழைந்ததில்லை. ஆனால் அந்தப் படம் நம்மைப் பற்றிச் சொன்ன பொய்கள் கொஞ்சமல்ல. குரங்கு மூளையும் பாம்புக் குட்டிகளும் பரிமாறப்படும் விருந்து, நரபலி வாங்கும் காளி என்று காலனிய காலத்துக் கற்பனைகளை அள்ளிக் கொட்டியது. இந்திய அரசு படப்பிடிப்புக்கு அனுமதி தராததால் இலங்கையின் கண்டிக்கு அருகே எடுத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது, நானும் பங்குகொள்கிறேன். ஆனால் அது வேறு வழக்கு. கேலிச்சித்திரமான வில்லனும் கதையில் வலுவாக இயங்க முடியும் என்பதற்கு மோலா ராம் சான்று. கேலிச்சித்திரமாகவும் இருந்து, கதையிலும் எதையும் நகர்த்தாதவள் ஸ்பால்கோ. முதலாவது ஒரு பண்பாட்டுக் குற்றம். இரண்டாவது அதோடு சேர்ந்த கலைக்குற்றம்.

ஐந்தாம் படமான 'டயல் ஆஃப் டெஸ்டினி' (2023) பாடம் கற்றதா என்றால், பாதிதான். மாட்ஸ் மிக்கல்சன் நடித்த நாஜி விஞ்ஞானிக்கு வரலாற்றையே மாற்றும் நோக்கமாவது இருக்கிறது. ஆனால் கடைசியில் இறந்தகாலத்திலேயே தங்கிவிட ஜோன்ஸ் ஆசைப்படும் உயிர்நாடியான கணத்தில் வில்லன் ஏற்கெனவே செத்துவிட்டிருக்கிறான். சோதனை ஒரு பக்கம், சோதிப்பவன் மறுபக்கம். இரண்டும் சந்திப்பதேயில்லை.

மூன்றாம் நண்பருக்கு வருகிறேன். சிறுவர் கேளிக்கை என்று ஒதுக்குபவர், கம்பனை நாள்கணக்கில் பேசுபவர். இராவணனுக்கு அத்தனை இசையையும் வீரத்தையும் காதலையும் கம்பன் ஏன் கொடுத்தான் என்று அவரே பலமுறை எங்களுக்கு விளக்கியிருக்கிறார். ஆயுதமிழந்து நிற்பவனைத் திருப்பி அனுப்பும் இராமனின் பெருமை, எதிரே நிற்பவனின் உயரத்தால் அளக்கப்படுவது. கடல்தாண்டும் குரங்கையும் பத்துத் தலைகளையும் ஏற்றுக்கொண்ட அவர் மனம் அங்கே இயற்பியல் கேட்கவில்லை. காப்பியத்துக்குக் கேட்கும் கேள்வியைச் சாகசப் படத்திடம் கேட்கக்கூடாது என்று அவர் நினைத்தால், அது பெருந்தன்மை அல்ல, அலட்சியம். இதற்கு இது போதும் என்ற அதே அலட்சியத்தோடுதான் அந்தப் படமும் எடுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 79 கோடி டாலர் வசூலித்தது, ஆக அவர்கள் கணக்கில் தவறில்லை. ரசிகனின் கணக்கு வேறு. முதல் படத்தில் லாரிக்கு அடியில் இழுபட்டவனோடு சேர்ந்து இழுபட்டவன் அவன். நான்காம் படத்தில் ஃப்ரிட்ஜ் உருண்டபோது அவன் வெளியே, பத்திரமான தூரத்தில் நின்று, கையில் கணக்கு நோட்டோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அங்கே நிறுத்தியது இயற்பியல் அல்ல, பயப்பட யாருமில்லாத கதை.